பங்குக் கிணற்றைச் சுற்றி ஒரு மதில்

காலை ரயிலில் கொக்குவிலில் ஏறினேன். காங்கேசன்துறை பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். இந்தப் பாதையில் இருபது வருடத்துக்கு மேல் ரயிலே ஓடவில்லை. அதனால் இன்றைக்கும் நான் யன்னலோரம்தான் பிடிப்பேன்.

மயிலிட்டியில் என் தங்கையின் மகள் வதனி இருக்கிறாள். இராணுவம் பல வருடம் பிடித்து வைத்திருந்து விட்ட காணிக்குத் திரும்பி வந்தவள். வீடும் இல்லை, வேலியும் இல்லை, கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. காணி உறுதிப் பத்திரப்படி அதில் பாதிப் பங்கு அவளுக்கு, பாதி பக்கத்துக் காணிக்காரருக்கு. அவரோ முழுக் கிணற்றையும் வளைத்து மதில் கட்டிவிட்டார்.

காங்கேசன்துறையில் இறங்கிப் பிடித்த ஓட்டோக்காரத் தம்பிக்கும் கதை தெரிந்திருந்தது.

"அவருக்குப் பெரிய இடத்திலை ஆக்கள் ஐயா. அக்கா பொலிசிலை குடுத்த முறைப்பாட்டை எழுதக்கூட இல்லையாம்."

வதனி வழக்கென்று கோட்டுப் பக்கமே போகமாட்டேன் என்றாள்.

"எங்களுக்கு ஒரு சட்டம், அவைக்கு ஒரு சட்டம், மாமா. அவரைக் கோயிலிலை கற்பூரம் அணைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறன். பொய்யெண்டா அணைக்கமாட்டார்."

பத்து மணிக்குப் பிள்ளையார் கோயில். கிணறு தனக்கே சொந்தம் என்று சத்தியம் செய்து, எரிகிற கற்பூரத்தை அவர் கையால் அணைக்கவேண்டும். பொய்ச் சத்தியம் குடும்பத்தைப் பிடிக்கும் என்று பயந்து, என் காலத்தில் பெரிய சண்டியர்களே கையை இழுத்திருக்கிறார்கள். ஒருவர் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்.

இவர் மோட்டார் சைக்கிளை எஞ்சினைக்கூட நிற்பாட்டாமலே வாசலில் விட்டுவிட்டு வந்தார். ஒரு சொல்லில் சத்தியம் செய்து பட்டென்று அணைத்தார்.

"காணுமோ? இன்னொருக்கா அணைக்கோணுமோ?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வதனி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சாமிக்கே பயமில்லாத மனிசன். இனிக் கோடுதான், மாமா."

"அங்கை நீதி இல்லையெண்டாய்?"

"ஓம், நம்பிக்கை இல்லைத்தான். ஆனா அங்கை ஒரு சொல்லோடை தப்பேலாது. கேக்கிற கேள்விக்கெல்லாம் மறுமொழி சொல்லோணும். நீங்கள் சாட்சி சொல்லுவியளோ?"

சொல்லாமல்? அந்தக் கிணறு வெட்டியபோது குழிக்குள் நின்றவன் நான். சுண்ணாம்புக் கல்லுக்கு வெடி வைத்தோம். கல்லை வதனியின் தகப்பனும் அந்த மனிதரின் தகப்பனும் ஒரே கயிற்றைப் பிடித்துத்தான் மேலே இழுத்தார்கள். மத்தியானம் இரண்டு வீட்டுக்கும் ஒரே உலைதான். இதைக் கேட்க யாராவது வரமாட்டார்களா என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

கொக்குவிலில் எங்கள் கிணற்றிலும் நாலு வீட்டுக்குப் பங்கு. தண்ணீர் அள்ளும் முறைக்காகச் சண்டை பிடிப்போம், கதைக்காமல் இருப்போம், மதில் கட்டியதில்லை.

பின்னேரம் வதனி ரயிலடி வரை வந்தாள்.

"வழக்கு எத்தினை வருசம் இழுக்குமோ. முடியுமட்டும் இருப்பியளோ மாமா?"

"ஏன், என்னை எங்கை போகச் சொல்லுறாய்? நீ வழக்குப் பேச நல்ல அப்புக்காத்தரா ஒருத்தரைப் பிடி. கோட்டுத் தவணைக்கு முதல்நாளே நான் வந்து நிப்பன்."