கை நிறத்துக்கு ஒரு படம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் காசிநாதன் ஸ்டூடியோ. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் சிவப்பாக்கி அனுப்புவதுதான் அங்கே சிவரஞ்சனியின் வேலை. ஐந்து வருஷமாக அதைத்தான் செய்தாள். பெற்றவர்கள் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் வெளுப்பு குடும்மா" என்பார்கள். இவளும் கொடுப்பாள். கொடுத்தால் என்ன, அவள் வீட்டு மாவா குறைந்துவிடப் போகிறது!

தன் படம் என்று வந்தபோதுதான் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. 2006, தை மாசம். வேப்பந்தட்டைப் பக்கத்து வரன். பேர் தங்கராசு, ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். முதலில் அவனுக்கு மெயிலில் படம் போக வேண்டும். அவன் சரி என்றால்தான் வீட்டார் பெண் பார்க்க வருவார்கள்.

'என் மூஞ்சிக்கு நானே சுண்ணாம்பு அடிச்சுக்க மாட்டேன்' என்று சிவரஞ்சனி முடிவு பண்ணினாள். கருப்பு என்றால் கருப்பு, அதில் என்ன வெட்கம்? முன்கையை மானிட்டர் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். படத்தில் இருக்கிற கையும் பக்கத்தில் வைத்த கையும் ஒரே நிறமாகிற வரைக்கும் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபண்ணினாள். பிறகு சிடியில் ஏற்றி, பிரவுசிங் சென்டரில் கொடுத்து அனுப்பிவிட்டாள். இவ்வளவு யோக்கியமாக ஒரு படம் அந்தச் சந்திலிருந்து அதுவரை போனதில்லை.

நாலாம் நாள் தங்கராசு இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகப் பதில் போட்டிருந்தான். "ரூமில் எல்லாருக்கும் காட்டினேன். நல்ல செவப்புன்னு சொல்றாங்க. எனக்குச் சம்மதம்."

செவப்பா, சிவரஞ்சனியா? அனுப்பிய படத்தைப் பிரவுசிங் சென்டரிலேயே திறந்தாள். மைதா மாவில் முக்கி எடுத்த மாதிரி யாரோ ஒருத்தி, இவள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் திறந்தால் அவளே ரோஸ் நிறத்தில் இருந்தாள். அதே கம்ப்யூட்டரில் வேறொரு புரோகிராமில் திறந்தால் சோகை பிடித்துக் கிடந்தாள். ஒரே படம், மூன்று பெண்கள். திரைக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். எதிலும் சேரவில்லை.

ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, நம்ம மானிட்டர்ல வெளிச்சம் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"வாங்குன அன்னிக்கே பாதியாக் கொறச்சுட்டேனே. முழுசா வெச்சா பிக்சர் டியூப் சீக்கிரம் போயிடும்ல?" என்றார் காசிநாதன்.

"அப்ப இத்தன வருசமா பிரிண்டு மட்டும் எப்புடிண்ணே சரியா வந்துச்சு?"

"பிரிண்டு போடுற திருச்சி லேப்புல நம்ம படம்னாலே வெளுப்ப ரெண்டு பாயிண்ட் கொறச்சுத்தான் போடுவான். அவனுக்கு நம்ம கைப்பக்குவம் தெரியும்." அதில் அவருக்குப் பெருமை வேறு.

அடப் பாவி மனுஷா! மங்கலான திரையில் கை நிறம் வர வேண்டுமென்றால் படத்தை வெளுக்காமல் முடியுமா? காகிதத்துக்குப் போன படங்களைத் திருத்த லேப்காரன் இருந்தான். ஷார்ஜாவுக்குப் போன படத்தை நடுவில் யார் திருத்துவது? ஒவ்வொரு திரைக்கும் ஒரு வெளிச்சம், ஒவ்வொரு புரோகிராமும் தன் இஷ்டத்துக்கு நிறத்தைக் காட்டுகிறது. ஏமாற்றவே கூடாது என்று உட்கார்ந்தவள் ஏமாற்றுக்காரியாகி நின்றாள்.

வீட்டில் சொன்னாள். அம்மா செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "அவனே சம்மதம்னு சொல்லிட்டான், நீ ஏன்டி கெடுக்குற? ஒனக்குக் கீழ ஒருத்தி நிக்கிறா. வாயை மூடிக்கிட்டுக் கெட."

"நேர்ல பாத்தாத் தெரியாதாம்மா?"

"பவுடர் போட்டு லைட்டுக்கு அடியில உக்கார வெக்கிறேன். தாலி ஏறிட்டா அப்புறம் எவன் கேக்கப் போறான்?"

சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அவன் முன்னால் தலை நிமிர முடியாது. சரி, கருப்பு என்று எழுதலாம். எவ்வளவு கருப்பு என்று அவனுக்கு எப்படிக் காட்டுவது? அங்கேயும் இருப்பது ஒரு திரைதானே!

மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, வெயிலில் நின்று புதுப் படம் எடுத்தாள். எந்தத் திருத்தமும் செய்யாமல் அனுப்பி, கூடவே எழுதினாள்: "உங்க பர்சில் நம்ம ஊர் பத்து ரூபாய் நோட்டு இருந்தால் திரை ஓரத்தில் வையுங்க. ரெண்டு நோட்டும் ஒரே மாதிரி தெரியிற வரைக்கும் மானிட்டரைச் சரிபண்ணுங்க. அப்புறம் என் முகத்தைப் பாருங்க. அதுதான் நான்."

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "நோட்டை வெச்சுப் பார்த்தேன். நீங்க நல்லவங்க. ஆனா ரூமில் எல்லாரும் முதல் படத்தைப் பார்த்துட்டாங்க. மன்னிச்சுக்கங்க."

பிரவுசிங் சென்டரில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். செங்கமலம் அதற்குப் பிறகு மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றுத் தட்டைக்கூடத் தங்கை கையில்தான் கொடுத்தனுப்பினாள்.

ஐப்பசியில் சிங்கப்பூர் வரன் ஒன்று வந்தது. இந்தத் தடவை செங்கமலம் மகளை நம்பவில்லை. தானே பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கு வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்."

சிவரஞ்சனி மவுஸை நகர்த்தினாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு எந்த வீட்டுக்குப் போவாள்?

"இன்னும் கொஞ்சம்... ஆங், போதும். இப்பத்தான் பாக்க லெட்சணமா இருக்கு."

சிவரஞ்சனி மானிட்டரின் அடியில் இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பாதியில் இருந்த வெளிச்சம் ஏறிக்கொண்டே போய் முழுசாக நின்றது. முகத்தில் மூக்கைக் காணோம், கன்னத்தைக் காணோம். வெள்ளைக்கு நடுவில் இரண்டு கண்ணும் ஒரு பொட்டும்தான் மிச்சம்.

செங்கமலம் பயந்துபோய் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "யாருடி இது?"

"அவங்க திரையில தெரியப் போற பொண்ணும்மா."

செங்கமலம் படத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்ல," என்றாள். "இதையே அனுப்பு."