பச்சை அம்பாசிடரின் எஞ்சின் நம்பர்

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வேலையாட்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுகிறவள் இருளம்மாள். நாற்பத்தாறு வயது. பதினைந்து வருஷம் திரி செருகிய கை, ஸ்டியரிங் பிடித்து இப்போது ஒன்பது வருஷமாகிறது. காலையில் அவள் ஹாரன் அடித்தால் மூன்று ஊர்ப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஓடி வருவார்கள்.

வேன் நிற்கும் தகரக் கொட்டகையின் மூலையில் முதலாளியின் அப்பா காலத்துப் பச்சை அம்பாசிடர் ஒன்று கிடந்தது. 1973-இல் பதிந்த கார். எஞ்சின் வெடிப்பு விட்டு, டயர்கள் மண்ணில் இறங்கி, பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேனை நிறுத்தியவள், போன தீபாவளி சீசன் முடிந்ததும் முதலாளி செந்தூர்பாண்டியிடம் கேட்டேவிட்டாள்.

“அதை வச்சு என்னம்மா பண்ணப் போறே?”

“ஓட்டப் போறேன் மொதலாளி.”

அவர் சிரித்தார். ஆனாலும் பழைய இரும்பு விலைக்கே கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தை அவள் பெயருக்கு மாற்றியும் தந்தார். கோழியை மட்டும் வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு போனார்.

சாத்தூர் மெக்கானிக் பால்பாண்டி அந்தப் பெட்ரோல் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். “இது தேறாதுக்கா.” பத்தே நாளில் தாயில்பட்டி விவசாயி ஒருவரிடம் பழைய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். காருக்கு அடித்த பச்சைப் பெயிண்டில் மிச்சமிருந்ததை எஞ்சினுக்கும் அடித்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. இருளம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

பதிவைப் புதுப்பிக்கப் போன விருதுநகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு அரை மணி நேரம்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் கீர்த்திகா, முப்பது வயதுகூட இருக்காது, புத்தகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல பெட்ரோல்னு இருக்கு. நிக்கிறது டீசல் வண்டி. எஞ்சினை மாத்துறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கியிருக்கணும்மா.”

இருளம்மாள் பால்பாண்டியைப் பார்த்தாள். பால்பாண்டி வேப்பமரத்தைப் பார்த்தான்.

“தெரியாமச் செஞ்சுட்டோம் மேடம். இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிருதேன்.”

காரணத்தை எழுதி மனுக் கொடுக்க வேண்டும். அபராதம் கட்ட வேண்டும். எஞ்சின் யாரிடம் வாங்கியது, முன்பு எந்த வண்டியில் ஓடியது என்பதற்குத் தாள் வேண்டும். “திருட்டு எஞ்சின் இல்லைன்னு எனக்குத் தெரியணும்ல,” என்றார் கீர்த்திகா.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பால்பாண்டியின் பைக்கில் தாயில்பட்டிக்குப் போனார்கள். எஞ்சினை விற்ற அய்யப்பன், தூரத்தில் அவர்களைக் கண்டதுமே வரப்பில் நின்றபடி கையை ஆட்டினார்.

“கொடுத்தது கொடுத்ததுதான். திரும்பல்லாம் எடுக்க மாட்டேன்.”

“எஞ்சின் நல்லா ஓடுதுண்ணே. அதுக்கு ஒரு தாளு வேணும், அதான் வந்தோம்,” என்றாள் இருளம்மாள்.

“கெணத்துல தண்ணி எறைச்ச எஞ்சினுக்கு என்னம்மா தாளு?”

“கெணத்துக்கு முந்தி அது எதுல இருந்துச்சு?”

அய்யப்பன் தலையைச் சொறிந்தார். முந்தி அவரிடம் ஒரு வேன் இருந்தது. அதை உடைசலுக்குப் போட்டபோது எஞ்சினை மட்டும் நிறுத்திக்கொண்டார். வேனைப் பதிவிலிருந்து நீக்கிய தாள் கிடைத்தால் போதும். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அவர் மனைவி அழகுமீனா, பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவிலிருந்து மஞ்சளாகிப்போன அந்தத் தாளை உருவினாள்.

“இந்த வேன்லதான என்னையப் பொண்ணு பாக்க வந்தீக,” என்றாள் புருஷனிடம். “வர்ற வழியில நின்னு போயி, எங்க அண்ணனுகதான் தள்ளிவிட்டாக.”

எஞ்சின் நம்பர் தாளில் தெளிவாக இருந்தது. விற்றதற்கு அய்யப்பன் தன் கைப்பட எழுதியும் கொடுத்தார். சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று அழகுமீனா இலையைப் போட்டுவிட்டாள்.

மறுபடியும் விருதுநகர். கீர்த்திகா பானெட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்து தேடினார். நம்பரைக் காணோம்.

“ஏலே, நம்பர் மேல யாருலே பெயிண்ட் அடிக்கச் சொன்னது?” என்று பால்பாண்டி பக்கம் திரும்பினாள் இருளம்மாள்.

“பளிச்சுனு இருக்கட்டுமேன்னு அடிச்சேன்க்கா.”

இருளம்மாள் எதிர்க் கடையில் தின்னர் வாங்கி வந்து, பழைய துணியில் நனைத்துத் தேய்த்தாள். ஒவ்வோர் எண்ணாக மேலே வந்தது. கீர்த்திகா அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார். அய்யப்பன் தந்த தாளோடு ஒத்துப் பார்த்தார். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். “அம்பது வயசு தாண்டின வண்டிம்மா இது. பழைய எஞ்சினையே சரிபண்ணி, எல்லாத்தையும் அசலா வச்சிருந்தீங்கன்னா விண்டேஜ்னு பதியலாம். தனி நம்பர் கிடைக்கும். வண்டிக்கும் மதிப்பு கூடும்.”

“அதுல தெனமும் வெளிய போகலாமா மேடம்?”

“கூடாது. கண்காட்சி, ஊர்வலம் மாதிரி எதுக்காவது எடுக்கலாம்.”

“டீசல்னு பதிஞ்சா?”

“சாதாரணக் கார். வரி கட்டணும், பழசுங்கிறதால பசுமை வரியும் சேரும். எங்கே வேணாலும் ஓட்டிக்கலாம்.”

இருளம்மாள் யோசிக்கவே இல்லை. “அம்புட்டு வருசம் மூலையில கெடந்த வண்டி மேடம். அதை மறுபடியும் நிப்பாட்டி வைக்கவா? வரியைக் கட்டிருதேன்.”

கீர்த்திகா முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மைதானத்தில் இரண்டு சுற்று, ஒரு ரிவர்ஸ். “இப்ப பிரேக் பிடிங்க,” என்றதும் வண்டி நின்ற வேகத்தில் மடியிலிருந்த ஃபைல் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டே, “போதும்மா, பிடிக்குது,” என்றார்.

மூன்று வாரத்தில் புது ஆர்.சி. கார்டு தபாலில் வந்தது. எரிபொருள்: டீசல். உரிமையாளர்: இருளம்மாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே புருஷன் ஆண்டிச்சாமியை முன்னாலும், வேனில் வரும் மூன்று பெண்களைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு இருக்கன்குடிக் கோயிலுக்குப் புறப்பட்டாள். சாத்தூர் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். இருளம்மாள் ஓரங்கட்டி, அவர் கேட்குமுன்பே கார்டை நீட்டினாள்.

“அதெல்லாம் வேண்டாம்மா. வண்டி அழகா இருக்கேன்னு நிறுத்தினேன். எந்த வருஷத்து மாடல்?”

வருஷத்தைச் சொன்னாள். நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

“கார்டையும் ஒரு தடவை பாத்துருங்க சார்,” என்றாள். “எல்லாம் சரியா இருக்கு.”