பொழிச்சலூரிலிருந்து கோவளத்துக்கு இருபத்து நான்கு கிண்ணங்கள்

பம்மலில் ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் முப்பது பேருக்குச் சாம்பார் சாதம் போடுகிறோம். பசி என்று யார் வந்தாலும் உட்காரலாம். சமைப்பது நானும் குரோம்பேட்டை ஸ்டெல்லா டீச்சரும். டீச்சர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் கணக்கு அவர் பொறுப்பு, உப்பு காரம் என் பொறுப்பு. (இதைப் போனில் எழுதக் கற்றுக்கொடுத்தது என் பேத்தி. மூன்று பேரப்பிள்ளைகளில் அவள்தான் என்னைப் போலக் கெட்டிக்காரி. எழுத்துப்பிழை இருந்தால் அவளையே கேட்டுக்கொள்ளவும்.)

போன தை மாதம் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அடுத்த மாதச் சாப்பாட்டுக்கு மூவாயிரத்து அறுநூறு ரூபாய் வேண்டும். எப்போதும் வரும் வாட்ச்மேன் பெரியவர் தட்டைக் கழுவிக்கொண்டே, "அடுத்த வாரம் உண்டாம்மா?" என்று கேட்டார். "உண்டு" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்புறம்தான் யோசித்தேன்.

குரோம்பேட்டையில் மண்பாண்ட வகுப்பு நடத்தும் ஒரு பெண், மண்ணும் சூளையும் இலவசமாகத் தருகிறேன் என்றது. ஆளுக்குப் பன்னிரண்டு கிண்ணம் செய்து, ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கு மீன் வாங்கக் காரில் வருகிறவர்களிடம் கூழோடு சேர்த்து விற்பது எங்கள் திட்டம். கிண்ணம் நூற்றைம்பது ரூபாய்; கேழ்வரகும் வண்டிச் செலவும் எங்கள் கைக்காசு. கூழைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

"மண்ணு காய்ஞ்சா சுருங்கும், சூளையில இன்னும் சுருங்கும். பெருசாவே புடிங்கம்மா" என்றது அந்தப் பெண். "நாப்பது வருஷமா படி அரிசி அளக்கிறவ நான், எனக்கா அளவு தெரியாது?" என்றேன். இரண்டு கரண்டி கூழ் பிடிக்கிற அளவுக்கு அளந்து அளந்து செய்தேன். சூளையிலிருந்து வந்தபோது ஒரு கரண்டிதான் பிடித்தது. டீச்சர் அந்தப் பெண் சொன்னபடி கேட்டவர், அவருடையது கிண்ணம் போலவே இருந்தது.

காலை 4.50க்குப் பொழிச்சலூரில் ஆட்டோ ஏறினேன், 150 ரூபாய். குரோம்பேட்டையில் டீச்சரையும் கிண்ணப் பைகளையும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்துக்கு மின்சார ரயில், ஆளுக்கு ஐந்து ரூபாய். தாம்பரத்தில் 6.05க்குப் பேருந்து. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தால், நடத்துனர் பைகளைப் பார்த்துவிட்டார்.

"லக்கேஜுக்கு முப்பது ரூபா எடும்மா."

"எனக்கே டிக்கெட் இல்ல, மண்ணுக்கு டிக்கெட்டா?"

"நீ மடியில வெச்சிகினு வர்றியே, அது இன்னா, கொழந்தையா? கொழந்தைன்னா விட்டுர்றேன்."

முப்பது ரூபாய் கொடுத்தேன். வண்டலூர் தாண்டியதும் ஒவ்வொரு வேகத்தடையிலும் குழந்தை பத்திரமா என்பதுபோலப் பேருந்தே என் மடியைத் திரும்பிப் பார்த்தது. சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம். ஒரு கிண்ணம்கூட உடையவில்லை. எல்லாவற்றையும் என் பழைய நைட்டியில் சுற்றியிருந்தேன்.

7.20க்குக் கோவளம். மீன் விற்கும் இடத்தில் கன்னியம்மா என்ற மீன்காரப் பெண் பக்கத்தில் இடம் கொடுத்தாள். கெட்டியாகக் கொண்டுபோன கேழ்வரகுக் கூழை மோர் ஊற்றிக் கரைத்து, வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்தோம். டீச்சரின் பன்னிரண்டும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தன. என்னுடையதை எடுப்பவர்கள் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

"இன்னா ஆயா, இது கூழ் குடிக்கவா, வெளக்கு ஏத்தவா?" என்றாள் கன்னியம்மா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தக் கிண்ணம் வாங்கினா எத்தனை தரம் வேணா ஊத்துவேன்" என்று சத்தமாகச் சொன்னேன். டீச்சர் என் முந்தானையைப் பிடித்து இழுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். படகிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒருவர் ஒரு கிண்ணம் வாங்கி, எட்டுத் தரம் குடித்தார். ஐந்து கிண்ணம் விற்பதற்குள் பானை காலி. ஏழு கிண்ணம் மிச்சம்.

"பாக்கியம்மா, ஆயிரத்து ஐம்பது குறையுது. ஒரு சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குக் காசு இல்ல" என்றார் டீச்சர். எனக்கு வாட்ச்மேன் பெரியவரின் தட்டுதான் கண்ணில் நின்றது.

பக்கத்தில் கன்னியம்மா சின்ன இறாலைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். கூறு நூறு ரூபாய். வருகிறவர்கள் எல்லோரும், போன வாரக் கூறு பெரிதாக இருந்தது என்று சண்டை பிடித்தார்கள். எரிச்சலில் என் கிண்ணம் ஒன்றை எடுத்து, இறாலைக் கோபுரமாகக் குவித்து நீட்டினாள். கார்க்காரர் பேசாமல் நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவது ஆள் போனதும் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்பிக் கீறாப்போல கீது, ஆனா கூறுக்கு ஒரு புடி கம்மி. ஆயா, நீ தெரிஞ்சிதான் செஞ்சியா?"

"நாப்பது வருஷ அளவு" என்றேன்.

"நூறு ரூபாக்குக் குடு."

"நூத்தம்பது. சோறு போடுற காசு."

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். அவளிடம் கிண்ணம் இருந்தால் மற்ற மீன்காரப் பெண்கள் சும்மா இருப்பார்களா? பத்து மணிக்குள் மீதி ஆறும் போய்விட்டன.

வந்த இடத்தில் நானும் நூறு ரூபாய்க்கு இறால் வாங்கினேன். வீட்டில் மருமகள் பையைத் திறந்து, "என்ன அத்தை, இவ்வளவுதானா? ஏமாத்திட்டாங்களே" என்றாள். அளந்தது என் கிண்ணம், நான் யாரைத் திட்டுவது?

சனிக்கிழமை வாட்ச்மேன் பெரியவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். நான் கரண்டி எண்ணவில்லை.

நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால் ஏழரைக்குள் கோவளம் சேருங்கள். கிண்ணத்தை நைட்டியில் சுற்றுங்கள், லக்கேஜுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மண் சுருங்கும் என்று சொன்னால் கேளுங்கள். அங்கே யாராவது செம்மண் நிறக் கிண்ணத்தில் இறால் அளந்து கொடுத்தால், ஒரு பிடி கொசுறு கேட்டு வாங்குங்கள். என் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம்.