விளம்பரத்துக்குப் போன மொட்டை

அந்த ரேஸரில் ஐந்து பிளேடுகள். ஐந்தின் இடுக்கிலும் எங்கள் மேலாளரின் முடி அடைத்துக்கொண்டு, தண்ணீரில் தட்டினாலும் விழாமல் நின்றது. ஜொகூர் பாருவில் ஒரு முருகன் கோயிலின் மொட்டைக் கொட்டகை, தைப்பூசக் காலை. நெற்றிக்கு மேல் ஒரு திட்டு மட்டும் வெளுத்திருக்க, மற்ற இடமெல்லாம் ஈர முடியோடு அவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். படமெடுப்பவர் கேமராவைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? அந்த ரேஸருக்குத் தமிழில் விளம்பர வரி எழுதுவதுதான் என் வேலை.

விளம்பரச் சவரத்தில் ஒரு வசதி உண்டு. நுரைக்கு அடியில் முடியே இருக்காது. மாடலாக வருகிறவர் முன்னதாகவே மழித்துக்கொண்டு வந்துவிடுவார். ரேஸர் நுரையை மட்டும் தள்ளிக்கொண்டு போகும். தெப்ராவில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் பல வருடம் இதைப் பார்த்துப் பழகிய எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றியதில்லை. மேலாளருக்குத்தான் அந்த வருடம் நிஜ முடியை வைத்து விளம்பரம் எடுக்கும் ஆசை வந்தது. காரணம் அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா. கர்ப்பப்பையில் கட்டி என்று அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, பிழைத்து வந்தால் தான் மொட்டை போடுவதாக மேலாளர் வேண்டிக்கொண்டிருந்தார். அக்கா பிழைத்து மாசாயில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். எப்படியும் மழிக்கப் போகிற தலை. அதை நம் ரேஸரிலேயே மழித்தால் பக்திக்குப் பக்தியும் ஆச்சு, படத்துக்குப் படமும் ஆச்சு என்று மேலாளர் முடிவு செய்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க நினைக்கிறவர்கள், கல் யார் தலையில் விழும் என்று பார்ப்பதில்லை.

முதலில் மெஷினால் ஒட்ட வெட்டிவிட்டு அப்புறம் ரேஸர் போடலாம் என்று நானும் படமெடுப்பவரும் சொல்லியிருந்தோம். அவர் சம்மதிக்கவில்லை. "மெஷின் போட்டா அது வெறும் முடிவெட்டு லா. சாமிக்கு வேண்டிக்கிட்ட முடி கத்தியிலதான் போகணும்," என்றார். எங்கள் ரேஸரும் கத்திதானே என்பது அவர் கட்சி. தாடையில் ஒரு நாள் முளைத்த முடிக்காகச் செய்த சாமான் அது. முழுத் தலைமுடிக்கு அது எப்படி ஈடுகொடுக்கும்?

பாதி மொட்டையோடு சந்நிதிக்குப் போக முடியாது. பக்கத்துப் பலகையில் கோயிலுக்காக மொட்டை அடித்துவிடும் முடிதிருத்துபவர் மடக்குக் கத்தியில் புதுப் பிளேடு மாட்டிக்கொண்டிருந்தார். மேலாளர் அவர் பக்கம் நகர்ந்து குனிந்தார். சரட் சரட்டென்று கத்தி ஓடியது. அதில் முடி தங்க இடமே இல்லை. முடிந்ததும் தலை பளபளவென்றிருந்தது. படமெடுப்பவருக்கு உயிர் வந்தது. சந்தனம் பூசிவிட்டால் பளபளப்பு போய்விடும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, எங்கள் ரேஸரை மேலாளர் கையில் கொடுத்துப் படமெடுத்தார். அவசரமாக ஒரு கும்பிடு. பிறகு, மனைவி தலையைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஒரு படமும் வேண்டும் என்று நேரே மாசாய்க்குப் போனோம். சந்தனம் மறந்தே போனது.

தையல் முழுதும் ஆறாமல் அக்கா சோபாவில் சாய்ந்திருந்தார். கணவரின் தலையில் கை வைத்தார். சந்தனம் இல்லாத வெறும் தலை. வாசலில் கேமராவோடு நின்ற எங்களைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "இந்த முடிய எனக்காகக் கொடுத்தீங்களா, கம்பெனிக்குக் கொடுத்தீங்களா?"

எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. நேர்ந்துகொண்டது வேறு எதுவாக இருந்தாலும் மறுநாளே போய்ச் சரியாகச் செலுத்திவிட்டு வரலாம். முடிக்கு அப்படி வழியில்லை. வளரும்வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டில் படம் எடுக்கவில்லை. கோயில் படம் மட்டும் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்குப் பிடித்துப்போய், பேரங்காடிகளில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. மடக்குக் கத்தி மழித்த தலை, கையில் எங்கள் ரேஸர், கீழே நான் எழுதிய வரி: 'ஒரே இழுப்பு, முழு மழமழப்பு.' படத்தில் இருந்தவரோ முடி வளர்க்கத் தொடங்கியிருந்தார். அடுத்த தைப்பூசத்தில் முடியை மறுபடி முறையாகச் செலுத்தும்வரை தலையிலும் முகத்திலும் எந்தக் கத்தியும் படாது என்று சொல்லிவிட்டார். ரேஸர் விற்கிறவர் தாடியோடு கடை கடையாகப் போனால் எப்படி இருக்கும்? எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தலைமை அலுவலகம் முதலில் நயமாகச் சொல்லிப் பார்த்தது, பிறகு எச்சரித்தது, கடைசியில் தாடியை எடு அல்லது பதவியை விடு என்றது. அவர் பதவியை விட்டார். மாசாய் பக்கம் கம்பெனிக் கிடங்கில் சரக்குப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அங்கே யாரும் முகம் பார்ப்பதில்லை.

தைப்பூசத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான். போன வாரம் ஒரு வேலையாக அந்தக் கிடங்குக்குப் போனேன். அவர் குனிந்து ரேஸர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முடி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா அதைப் பார்த்தார். பிறகு தன் தலையிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி, அவரை உட்காரச் சொல்லி, பின்னால் நின்று அந்த முடியை அள்ளி இறுக்கிக் கட்டிவிட்டார்.