முன்சீட்டு

பஸ்ஸில் வாங்கிய டிக்கெட்டைப் பெரியவர் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். பிறகு மனைவியின் டிக்கெட்டையும் சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். "உன் கையில குடுத்தா இறங்குறதுக்குள்ள காணாமப் போயிடும்." கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் கையில் பஸ் டிக்கெட் தங்கியதே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற இன்றைக்கும் அப்படித்தான்.

டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு இன்னும் 'செக்கர்'தான். பால்காரர் அளந்த பாலைத் தானும் ஒருமுறை அளப்பார். வேலையில் இருந்தபோது பஸ்ஸில் தூங்குகிறவர்களைத்தான் முதலில் எழுப்புவாராம். "நெஜமா தூங்குறவன் வாயைத் தொறந்து வெச்சிருப்பான். கண்ணை மட்டும் மூடியிருந்தா டிக்கெட் இல்லன்னு அர்த்தம்." பஸ் ஊழியர்கள் உட்கார்ந்து வரும் முன்சீட்டில் மட்டும் கேட்கமாட்டார். அது நம்ம ஆள் சீட்டு.

சில வருஷத்துக்கு முன் குடலில் புற்றுநோய் என்று அறுத்தெடுத்தார்கள். "சுத்தமாப் போயிடுச்சு" என்றார் டாக்டர். செக்கர் தலையாட்டினார், நம்பவில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு கட்டி ஏதும் இருக்கிறதா என்று கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் தினமும் தடவிப் பார்ப்பார். அடிவயிற்றுக்குக் கீழே கை போகாது. அங்கே எவன் வரப்போகிறான்.

ஒருநாள் சோப்புப் போடும்போது விதையில் கல்லு மாதிரி தட்டுப்பட்டது. வெட்கத்தில் மூடி மறைத்தார். இந்தமுறை சந்தேகம் மனைவிக்கு வந்தது. "குளிக்கப் போனா வெளிய வர்றதில்ல. உங்க துணிய நீங்களே துவைக்கிறீங்க. என்னங்க மறைக்கிறீங்க?" பக்கத்துத் தெரு டாக்டர், நீர் கோத்திருக்கும், வயசானால் வருவதுதான் என்றார். "நீர்னா அமுங்கணுமே" என்று முனகிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். விதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

இன்று பரிசோதனை முடிவு வந்தது. "புதுசு இல்லீங்க" என்றார் டாக்டர். "குடல்ல இருந்த அதே நோய்தான் இங்க வந்திருக்கு. இப்படி வர்றது ரொம்ப அபூர்வம். ஈரலுக்கும் போயிடுச்சு. மருந்து குடுத்துத் தள்ளிப்போடலாம். குணமாக்க முடியாது."

செக்கர் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற முகம் அவருக்குத் தெரியும். இது அது இல்லை.

"முன்சீட்டுல உட்கார்ந்து வந்திருக்கான். நான் கேக்கவே இல்ல."

டாக்டருக்கு விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கியது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கெட்டுகளை நீட்டினார். செக்கர் அவற்றைத் தூக்கிப் பார்க்கவில்லை. மனைவியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"நீயே வெச்சிக்க."