ராகவன் சொன்ன ஜோக்கும் நான் சொன்ன ஜோக்கும்

போன செவ்வாய்க்கிழமை மூணாறு போகும் பஸ்சில் ஒருவர் ஜோக் சொன்னார். மலையாளி ஜோக். உங்களுக்குத் தெரியாததா… டீக்கடையில் ஆரம்பித்து டீக்கடையிலேயே முடிகிற வகை.

பஸ்சே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். என் பக்கத்து சீட்டில் முண்டு கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். என்ன, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஜோக் சொன்னவர் விடவில்லை.

"என்ன சார், வாரா வாரம் ஊரையே கிண்டல் பண்ணி எழுதுறீக. ஒரு ஜோக்குக்குச் சிரிக்க மாட்டேங்கிறீக?"

"பல்வலி" என்றேன்.

பொய். எனக்குப் பல்வலி இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு மலையாளி ஜோக் சொன்னேன். அதனால் என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

தங்கை மரகதத்தைப் பற்றி இந்த வாராந்தரப் பகுதியில் நான் எழுதியதே இல்லை. இப்போது எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. நீ செய்ததையும் ஒளிக்காமல் எழுது" என்றாள். வாயால் அல்ல, கையால்.

மரகதத்துக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மதுரையில் காது கேளாதவர்களுக்கான ஒரு பள்ளியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். திரும்பி வரும்போது கை நிறைய பேச்சோடு வந்தாள். அந்தப் பேச்சை அவளிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். வாயால் பேசுவதில் நான் கெட்டிக்காரன் என்று போடியில் பெயர். கையால் பேசுவதில்? எல்.கே.ஜி.

படித்து முடித்தவள் இப்ராகிம் அண்ணனின் தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கப் போனாள். இப்ராகிம் அண்ணனுக்கும் காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் மெஷினை நிறுத்திவிடுவார். சிலமலையிலிருந்து ஒருவர், ராசிங்காபுரத்திலிருந்து இரண்டு பேர், மலை மேலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு இரண்டு மூன்று பேர் என்று காது கேளாதவர்கள் அங்கே கூடிவிடுவார்கள். கடைக்கு ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது. அதை நான் எழுத மாட்டேன்.

முதல் தடவை அங்கே போனபோது எனக்கு அதிர்ச்சிதான். ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு சைகை வைத்திருந்தார்கள். ஒன்றுகூட மரியாதையானதில்லை! நெற்றியில் மூன்று விரலை இழுத்தால் தமிழன். தாடையை நீவினால் முஸ்லிம். இடுப்பில் முண்டை மடித்துக் கட்டினால் மலையாளி. ஜோக் என்றால் எல்லாம் இதுதான்… அவன் இப்படி, இவன் அப்படி.

ஆனால் ஒரு சட்டம் இருந்தது. இப்ராகிம் அண்ணன் போட்ட சட்டம். அடுத்தவனைக் கிண்டல் பண்ண வேண்டுமா? முதலில் உன் ஆட்களைக் கிண்டல் பண்ணு. பிறகு அவனிடம் வா.

அவரே ஆரம்பித்து வைப்பார். தாடையை நீவிக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் பிரியாணி வைப்பார். போதும் என்பான் விருந்தாளி. இன்னொரு கரண்டி. போதும் போதும்! இன்னும் இரண்டு. சோறு மார்பு வரை, கழுத்து வரை, மூக்கு வரை ஏறும். கடைசியில் விருந்தாளியின் இரண்டு கண்கள் மட்டும் சோற்றுக்கு மேலே உருளும். அந்தக் கண்களிடம் குனிந்து பணிவாகக் கேட்பார்: "ஒன்றுமே சாப்பிடவில்லையே?"

ராகவன் அங்கே வந்தது எழுபத்தெட்டு வாக்கில். பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில் அவருக்கு வேலை. மலையில் அதை ஸ்டோர் என்பார்கள். வந்த முதல் நாளே மாட்டிக்கொண்டார். அவர் பழகிய கூட்டத்தில் தமிழனுக்குச் சைகை வேறு: தலையில் மூட்டை, குறுகிய கழுத்து, வளைந்த முதுகு. எஸ்டேட்டுக்கு மூட்டை தூக்கி ஏறியவர்களைப் பார்த்து யாரோ வைத்தது. வெள்ளந்தியாக அதை மரகதத்திடம் செய்து காட்டிவிட்டார்… "நீ இதுதானே?"

மரகதம் ஊசியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. எழுந்து, இல்லாத எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, தலையில் கவிழ்த்தாள். கூந்தலை முறுக்கிப் பிழிந்தாள். வழிந்த எண்ணெயை ராகவனின் சட்டையில் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்தாள். "நீ இதுதானே?"

கடை அதிர்ந்தது. அதிகமாகச் சிரித்தவர் ராகவன். அன்றோடு மூட்டைச் சைகையை விட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் வராமல் இருந்ததில்லை. ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டுமா என்ன?

அவர் தன் ஆட்களைப் பற்றிச் சொன்ன ஜோக்தான் எனக்கு உயிர். மலையாளி ஒருவன் முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு போடிமெட்டு இறங்குவான். கையில் குடை. ஊர் வந்ததும் மலைப் பழக்கத்தில் குடையை விரிப்பான். மழையைக் காணோம். போடியில் ஏது மழை? நிற்பான். வெயில் ஏறும். தலையில் தேய்த்த எண்ணெய் உருகும். நெற்றியில் ஒரு சொட்டு. மூக்கில் ஒரு சொட்டு. அப்புறம் சடசடவென்று… உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பான். முகமெல்லாம் சந்தோஷம். அப்பாடா, பெய்துவிட்டது!

ராகவனின் முகத்தில் அந்தச் சந்தோஷம் பரவுவதைப் பார்க்க வேண்டும். எழுத்தில் எனக்கு வராது.

இரண்டு வீட்டிலும் சம்மதித்தார்கள். எங்கள் அம்மாவுக்கு முதலில் தயக்கம். "மலையாளத்தானா? பாசை தெரியாதேடா" என்றாள். சொல்லிவிட்டு அவளே யோசித்துச் சிரித்துக்கொண்டாள். "அதுக ரெண்டும் பேசிக்கிறதுக்குத் தமிழும் வேணாம், மலையாளமும் வேணாம்."

பெண் பார்க்க ராகவனும் அவருடைய அண்ணன் சுகுமாரனும் சொந்தக்காரர்களும் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பேர். எல்லோரும் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபையைக் கலகலப்பாக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பேச்சாளன் அல்லவா?

"மாப்பிள்ளை ஒரு ஜோக் சொல்லுவார் பாருங்க…" என்று எழுந்தேன்.

குடை ஜோக்கைச் செய்தேன். கை போதவில்லை. வாயையும் சேர்த்துக்கொண்டேன். அப்போதும் போதவில்லை. ராகவன் ஜோக் சொல்லும்போது அவர் தொண்டையிலிருந்து சில சத்தங்கள் வரும். அவருக்குத் தெரியாமலே வரும். சிரித்தால் ஒரு மாதிரி வரும். அதையும் செய்தேன். வாயைக் கோணிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு.

கூடம் வெடித்தது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் சிரித்தது. சுகுமாரன்கூட, "சாரே, எண்ணெ ஞங்ஙளுக்குக் கொஞ்சம் கூடுதல்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ராகவன் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற மரகதமும் சிரிக்கவில்லை.

நாலு நாளில் இன்லண்ட் லெட்டர் வந்தது. சுகுமாரன் யாரையோ வைத்துத் தமிழில் எழுதியிருந்தார். "தம்பி வேண்டாம் என்கிறான். காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான். மன்னிக்கவும்."

அம்மா என்னைக் கிழித்துவிட்டாள். "பொண்ணு பாக்க வந்த எடத்துல அவுக சனத்தையே கேலி பண்ணினா எவன்டா கட்டுவான்? ஒனக்கு வாயி எதுக்குடா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். மலையாளி என்று கேலி செய்தது தப்பு. போய் மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும்.

இதற்கிடையில் இன்னொன்று. மரகதம் சிரித்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அவளுக்கு மட்டும் கேட்காது. அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பக்கத்து வீட்டுக் குழந்தை எதையாவது செய்தால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் மட்டும் குலுங்குவாள். கல்யாணம் நின்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவ சிரிப்பு இல்லாம வீடு வெறிச்சுன்னு கெடக்குடா" என்றாள் அம்மா. "நீ போகையில அவளையும் கூட்டிட்டுப் போ. கெடுத்தவன் நீ. பேச வேண்டியவ அவ."

எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் போனோம். வழியெல்லாம் வளைவுகள். மரகதம் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். நம்மைப் போன்றவர்கள் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வோம். அவள் கையை மூடிக்கொண்டாள். போடிமெட்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை வாங்கக் கை வெளியே வந்தது. குடித்ததும் உள்ளே போய்விட்டது.

ஸ்டோரில் ராகவன் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். ஏலக்காய் வாசனையும் சூடும் முகத்தில் அடித்தன. எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மரகதத்தைப் பார்த்தார். அப்புறம்தான் என்னை.

நான் எனக்குத் தெரிந்த கைப்பேச்சில் சொன்னேன்: "மலையாளியைக் கிண்டல் செய்தது தப்பு. மன்னித்துவிடுங்கள்."

ராகவன் என்னை விநோதமாகப் பார்த்தார். "அது என் ஜோக். நான்தான் உனக்குச் சொன்னேன். அதில் என்ன தப்பு?"

"பிறகு எதற்கு…?"

மரகதத்தின் கைதான் முந்தானையை விட்டு வெளியே வந்தது. மெதுவாகச் சொன்னாள், எனக்குப் புரிய வேண்டும் என்று.

"இவர் சொன்னபோது எல்லோரும் கையைப் பார்த்தார்கள். நீ சொன்னபோது எல்லோரும் உன் வாயைப் பார்த்தார்கள்."



அவள் தன் தொண்டையில் விரலை வைத்தாள். "நான் சிரித்தால் அப்படித்தான் இருக்குமா? நீ செய்த மாதிரி? சின்ன வயதிலிருந்து நான் சிரிக்கும்போதெல்லாம் நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களா? ஏன் யாரும் சொல்லவில்லை?"

ஆயிரம் மேடையில் வாயால் பேசியவன், கையை எடுத்தேன்.

உண்மையைச் சொன்னேன். "சத்தம் வரும். பெரிய சத்தம். மூன்று வீட்டுக்குக் கேட்கும். நான் செய்த மாதிரி இருக்காது. நான் செய்தது அசிங்கம். உன் சிரிப்பு இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று அம்மா சொல்கிறாள்."

வெறிச்சென்று என்பதற்கு எனக்குச் சைகை தெரியவில்லை. வீட்டைக் காட்டி, கதவைத் திறந்து, உள்ளே ஒருவரும் இல்லை என்று காட்டினேன். மரகதத்தின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அடுப்புப் புகையைக் காரணம் காட்ட வசதியாக இருந்தது.

ராகவன் ஒரு மூட்டையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். "கடைச் சட்டம் தெரியுமல்லவா? என்னைப் பற்றி ஜோக் சொன்னாய். உன் ஆட்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்."

தப்பித்தோம் என்று நெற்றியில் மூன்று விரலை இழுத்தேன். ஒரு தமிழன்…

அவர் தலையை ஆட்டித் தடுத்தார். "அது மரகதத்தின் ஆட்களும்தான்." என் காதைத் தொட்டுக் காட்டினார். என் வாயைக் காட்டினார். "உன் ஆட்கள்."

காது கேட்பவர்கள்! நாங்களும் ஒரு ஜாதி என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. எங்களுக்கும் ஒரு சைகை இருக்கும், எங்களைப் பற்றியும் ஜோக் இருக்கும் என்று யார் நினைத்தது?

யோசித்தேன். ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் பார்ப்பதுதானே.

காது கேட்பவன் ஒருவன் காது கேளாதவனிடம் வழி கேட்கிறான். அவன் காதைத் தொட்டு, கேட்காது என்கிறான். ஓகோ என்று இவன் உரக்கக் கேட்கிறான். கேட்காது. இன்னும் உரக்க. கழுத்து நரம்பு புடைக்கிறது. மரத்திலிருந்து காக்கைகள் பறக்கின்றன. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. காது கேளாதவன் பரிதாபமாக இவனைப் பார்க்கிறான். பாவம், இவனுக்கு வயிற்றுவலி என்று நினைத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான்.

எல்.கே.ஜி. கைதான். எருமை சரியாக வரவில்லை. "எருமை அப்படி ஓடாது" என்று ராகவன் எழுந்து ஓடிக் காட்டினார். "நரம்பு இன்னும் புடைக்கணும்" என்று மரகதம் என் கழுத்தில் விரலால் கோடு இழுத்தாள். இழுத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான்… வெடித்துச் சிரித்துவிட்டாள்.

சிரிப்பு பாதியில் அவள் கை வாயை நோக்கிப் போனது. ராகவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

வெளியே காய் கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். மரகதம் அவர்களையும் பார்த்துச் சிரித்தாள்.

தை மாதம் போடியில் கல்யாணம். இப்ராகிம் அண்ணன் மாப்பிள்ளைச் சட்டையைத் தானே தைத்தார். பந்தலில் ஒரு பக்கம் அவர்கள் கூட்டம். கைகள் பறந்துகொண்டே இருந்தன. எங்கள் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், மறுபடி பார்ப்பார்கள், மறுபடி சிரிப்பார்கள்.

என் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கெட்டிமேளத்தையும் மீறி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி என்னிடம் கேட்டார்:

"ஏப்பு, அவுக நம்மளப் பாத்துத்தான் சிரிக்கிறாகளா? என்ன ஜோக்குன்னு கேட்டுச் சொல்லேன்!"

"மொதல்ல கத்தாமப் பேசுங்க பெரியப்பா… அதான் ஜோக்கே!"