பாதி வழியில் இறங்காத எல்லம்மாள்

“நான் ஏறுன பஸ்ஸுலேர்ந்து என்ன எறக்க எவனும் இன்னும் பொறக்கல. செங்கல்பட்டு வர்றதுக்கு முன்னாடி நானா எறங்குனதும் கெடையாது!”

1975இல் செங்கல்பட்டு வர்த்தகர் சங்க மேடையில் எல்லம்மாள் இப்படி முழங்கியபோது மைக்கே ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. அது சர்வதேச மகளிர் ஆண்டு. ஒரு பெண் வர்த்தகரைப் பேசவைத்தே தீரவேண்டிய இக்கட்டில் சங்கம் ஊரைச் சல்லடை போட்டுத் தேடி, கடைசியில் மார்க்கெட் வாசலில் கொக்கிலமேட்டு மீன் வியாபாரி எல்லம்மாளைக் கண்டெடுத்தது. தலைப்பு: ‘தலைமை, கல்வி, சமுதாயம்.’

அன்னாரின் நிர்வாக முறையை இங்கே விளக்கியாக வேண்டும். விடியலில் கரையில் மீனை ஏலம் எடுப்பது, வேண்டா, லோகநாயகி முதலான நான்கு மீன்காரிகளோடு மகாபலிபுரத்தில் கூடைகளை பஸ் ஏற்றுவது, வெயில் ஏறுமுன் செங்கல்பட்டில் விற்பது. முதலும் கடைசியும் வியாபாரம். நடுவில் இருப்பது யுத்தம். காலையில் அந்த வழியில் ஓடியது ஒரே ஒரு பஸ். அதை விட்டால் மீன் பூனைக்குத்தான்.

தலைமை பற்றி அவர் அருளியது: “முன்னாடி ஏறுறவதான் தலைவி. ஏறினதும் சீட்டத் தேடி ஓடக் கூடாது. படியிலயே குறுக்க நின்னுக்கணும். இல்லாங்காட்டி கடைசிக் கூடை ஏறுறதுக்குள்ள கண்டக்டரு விசிலு வுட்ருவான்.”

கல்வி: “இஸ்கோலுக்குப் போவல. கண்டக்டருதான் வாத்தியாரு. ஒரு நாளு ‘மீனு லக்கேஜு, மேல போடு’ன்னான். போட்டோம். மறுநாளு ‘மேல ஒயுகுது, கீய எறக்கு’ன்னான். எறக்கினோம். அதுக்கு மறுநாளு ‘கீய நாறுது’ன்னான். அப்பத்தான் மண்டைல ஏறிச்சி, ரூலு மீனுக்கு இல்ல, எங்களுக்குன்னு.”

சமுதாயம்: “ராத்திரி மீன்கொயம்ப ஊத்தித் துன்னுட்டு, காத்தால என் பக்கத்துல மூக்கப் பொத்திக்கினு குந்துறான் பாரு, அவன்தான்!”

முன்வரிசைப் பெரியோர் பலர் கைக்குட்டைகளைச் சத்தமில்லாமல் பைக்குள் திணித்தனர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரோ அந்த பஸ்ஸின் முதலாளியேயான ஜம்புலிங்கம். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவரும் அவரே. முதலாளி அப்படிக் கைதட்டினால் அவருக்கு யோசனை வந்துவிட்டது என்று பொருள்.

அந்த யோசனை அடுத்த வாரம் பாதி வழியில், திருக்கழுக்குன்றத்தில், வேட்டி மடிப்புக் கலையாமல் பஸ் ஏறியது.

“வணக்கம்மா. மேடையில பேசின பெரிய மனுஷி நீங்க. இனிமே முன் சீட்டு உங்களுக்குத்தான். கூடைக்கு லக்கேஜ் சார்ஜும் கெடையாது” என்றார் ஜம்புலிங்கம்.

“நல்லா இரு நைனா” என்று எல்லம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்தார்.

“மத்தவங்க மட்டும் இங்கயே எறங்கிடட்டும். பாசஞ்சருங்க கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க.”

“ஏன், நாங்க இன்னா ஓசியிலயா வர்றோம்? டிக்கெட் கீது பாரு!” என்று வேண்டா டிக்கெட்டை அவர் மூக்கருகே நீட்டினாள்.

“சிங்காரம், டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்துடு.”

கண்டக்டர் சிங்காரம் அந்த நால்வரின் கூடைகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தான். பெண்களும் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

“நீ போக்கா” என்றாள் லோகநாயகி கீழிருந்து. “ஒன் மீனாவது விக்கட்டும்.”

பஸ் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. எல்லம்மாளின் வாய் மூன்று ஊருக்குப் பிரசித்தம். டிரைவர் என்ஜினையே அணைத்துவிட்டார், ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாதென்று.

எல்லம்மாள் முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்தார். முன் சீட்டிலிருந்து எழுந்தார்.

“எங்கம்மா கெளம்பிட்டீங்க? செங்கல்பட்டு இன்னும் வரலியே” என்றார் ஜம்புலிங்கம்.

“வேண்டா, இந்தக் கூடையப் புடி” என்றார் எல்லம்மாள், யாருக்கோ உடம்பு சரியில்லாத வீட்டில் பேசுவதுபோல மெதுவாக.

வேண்டா கூடையை வாங்கிக்கொண்டாள். பின்னாலேயே எல்லம்மாளும் இறங்கினார்.